பெயர் எழுதாத சித்திரங்கள்

சென்ற ஐப்பசியில் காஞ்சிபுரம் போகும் வழியில், இருங்காட்டுக்கோட்டை அருகே நான் ஏறியிருந்த பஸ் பழுதாகி நின்றுவிட்டது. ஊரின் பெயரில் காடும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ மோட்டார்த் தொழிற்சாலைகளும் நீண்ட லாரிகளுந்தான். சாலையோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கினேன்.

வேலை முடிந்து வந்த இளைஞர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. பேச்சு பெரிய கோயிலுக்குத் திரும்பிற்று. கைப்பேசியில் ஒரு சித்திரத்தைக் காட்டினார். தாடி வைத்த முதியவர் ஒருவர். அவருக்குப் பின்னால் ஓர் இளையவர்.

"இவர்கள் யார், ஐயா?"

"தெரியாதா, தம்பி? கருவூர்த் தேவரும் ராஜராஜ சோழனும்!"

"அப்படி எழுதியிருக்கிறதா, ஐயா?"

எழுதியிருக்கவில்லை. "சீட்டு ஒட்டாத சாமானை எங்கள் தொழிற்சாலையில் வண்டியில் பூட்ட விடமாட்டார்கள்; அதனால் கேட்டேன்" என்றார் அவர், பணிவாகத்தான். எனக்குச் சுருக்கென்றது. என் தொடர்கதை ஒன்றில் அதே சித்திரத்தை நம்பி ஓர் அத்தியாயமே எழுதியவன் நான்!

சீட்டு ஒட்டிய சித்திரமும் உலகில் உண்டு. ஜோர்டான் நாட்டுப் பாலைவனத்தில் குஸைர் அம்ரா என்று ஒரு சிறு குளியல் மாளிகை இருக்கிறது. 1898-இல் அலோயிஸ் மூஸில் என்ற அறிஞர் அதைக் கண்டார். இஸ்லாத்தின் தொடக்க காலத்துக் கட்டடத்தில் மனித உருவங்களா என்று நேயர்கள் வியக்கலாம். அது பள்ளிவாசல் அன்று. உமையா வமிசத்து இளவரசன் வலீதின் உல்லாச மாளிகை. அவன் 743-இல் பட்டத்துக்கு வருமுன் எழுந்தது. அங்கே ஆறு அரசர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கைஸர், கிஸ்ரா என்று கிரேக்கத்திலும் அரபியிலும் பெயர் எழுதியிருப்பவர்களைப் பற்றி வழக்குக்கு இடமில்லை. அதே மாளிகையில் இன்னொரு காட்சியை, மீன் விழுங்கிய யூனுஸ் நபியின் கதை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கே கதையை அறிந்த கண்தான் சாட்சி.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் காஞ்சியில் ராஜசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலை எழுப்பினான். பிற்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த பல்லவர் சித்திரங்களை 1931-இல் ஷூவோ துப்ராய் கண்டறிந்தார். அங்கங்கே வண்ணமும் கோடுமே மிச்சம். ஆனாலும் ஒரு மாடத்தில் இருப்பது சிவனும் உமையும் நடுவே குழந்தைக் கந்தனுமாகிய சோமாஸ்கந்தர்தான் என்று துணிந்து சொல்லலாம். எப்படி? அதே கோயிலில் அதே கோலத்தைச் சிற்பி கல்லிலும் செதுக்கி வைத்திருக்கிறான். கல், வண்ணத்துக்குச் சாட்சி சொல்கிறது.

அதே 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைக் கோயிலின் இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். அங்கே ஒரு கிழவர் சபை நடுவே ஓலையோடு நிற்கிறார். கல்யாண வீட்டில் ஓலை நீட்டி, 'நீ எனக்கு அடிமை' என்று சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை அல்லவா அது? மேலே சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். சேக்கிழார் பாடியது இந்தச் சித்திரத்துக்கு நூறாண்டுக்கும் பின்னர். ஆனால் யானை வந்த செய்தியைச் சுந்தரரே தம் பதிகத்தில் பாடியிருக்கிறார். ஓலை, யானை, குதிரை என்று குறிகள் ஒன்றையொன்று தாங்கும்போது சந்தேகம் நிற்பதில்லை.

முதியவரும் இளையவரும் உள்ள சித்திரத்துக்கோ பெயருமில்லை, கல்லின் சாட்சியுமில்லை. அவர்களை வேறு விதமாகக் கருதும் அறிஞர்களும் உண்டு. கோயில் கட்டியவனின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற நம்முடைய ஆசையே அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது. ஆசை தவறல்ல, அதைச் சரித்திரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் தவறு. சுந்தரரை ஐயமின்றி அறிந்த அந்த உழைப்புக்கும் அதனால் மதிப்புக் குறைகிறது.

வேறு பஸ் வந்தது. "தம்பி, நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. 'என்பார்கள்' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்" என்றேன். அவர் சிரித்தார்.

என் கதையின் அடுத்த பதிப்பிலும் அந்தச் சொல்லைச் சேர்க்கப் போகிறேன்.