கடைசியில் வந்து பந்து வீசியவர்



பேஸ்பால் ஆட்டம் முடியும் தறுவாயில், இருக்கிற முன்னிலையைக் காப்பாற்றவென்றே ஒருவரைப் பந்து வீச இறக்குவார்கள். நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுபவர் மாதிரி. கோட்டை விட்டால் பழி முழுவதும் அவர் தலையில்தான்.

1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆடிய மரியானோ ரிவேரா, 652 ஆட்டங்களை இப்படிக் காப்பாற்றியவர். இன்றும் அதுதான் சாதனை. பனாமா நாட்டு மீன்பிடி கிராமத்துக்காரர். அப்பாவின் படகில் வேலை பார்த்தவர். பெரும்பாலும் ஒரே வகைப் பந்து, 'கட்டர்'. அதுதான் வரும் என்று தெரிந்தும் அடிக்கத் திணறுவார்கள்! 2019-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேரும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது அவர் தோற்ற ஆட்டம். 2001 நவம்பர் 4, உலகத் தொடரின் கடைசி ஆட்டம். அரிசோனாவுக்கு எதிராக 2-1 முன்னிலை. எதிரணி தட்டிவிட்ட பந்தை எடுத்து, இரண்டாவது பேஸுக்குத் தவறாக எறிந்தார் ரிவேரா. பிறகு அடி மேல் அடி. 3-2 என்று தோல்வி.

வெற்றி ஊர்வலம் இல்லையென்றானதால், சக வீரர் என்ரிக்கே வில்சன் முன்னதாகவே டொமினிகன் குடியரசுக்குக் கிளம்பிவிட்டார். முதலில் அவர் டிக்கெட் எடுத்திருந்த விமானம் நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 260 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தோற்றதில் எனக்குச் சந்தோஷம்தான், நண்பன் இருக்கிறானே என்றாராம் ரிவேரா.