வெப்பம் ஏறினால் செடியின் காவல் தளரும்

விதைப் பொட்டலத்தில் "வைரஸ் எதிர்ப்புத் திறன் கொண்டது" என்று அச்சிட்டிருந்தால், அந்தச் செடியை நோய் அண்டாது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் சில ரகங்களின் எதிர்ப்புத் திறன் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரைதான் வேலை செய்யும்.

புகையிலை கற்றுத் தந்த பாடம்

புகையிலைத் தேமல் வைரஸ், 1890களில் உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸ் ஆகும். இலைகளில் வெளிர் பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகளை உண்டாக்கும் இந்நோய் தக்காளி, மிளகாய்ச் செடிகளையும் தாக்கும்.

1930களில் அமெரிக்க ஆய்வாளர் பிரான்சிஸ் ஹோம்ஸ், வேறொரு புகையிலை இனத்திலிருந்து 'என்' எனப்படும் எதிர்ப்பு மரபணுவைப் பயிர்ப் புகையிலைக்குக் கலப்பின முறையில் கொண்டு வந்தார். வைரஸ் நுழைந்ததை இந்த மரபணு உணர்ந்ததும், அங்குள்ள செல்கள் தாமாகவே மடிகின்றன. இலையில் சில பழுப்புப் புள்ளிகள் மட்டுமே தோன்றும். வைரஸ் அங்கேயே முடங்கிவிடும்.

வெப்பநிலை 28 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இந்தக் காவல் செயலிழக்கிறது. வைரஸ் தடையின்றிச் செடி முழுவதும் பரவுகிறது. பிறகு வெப்பம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மீண்டும் விழித்துக்கொள்ளும் மரபணு, எங்கும் வைரஸ் இருப்பதை உணர்வதால் செடி முழுவதும் செல்கள் மடிந்து, செடியே கருகிச் சாய்கிறது.

மிளகாயிலும் இதே சிக்கல்

தக்காளிப் புள்ளி வாடல் வைரசை எதிர்க்கும் ஒரு மரபணு மிளகாயில் உண்டு. செடிகளைத் தொடர்ந்து 32 டிகிரியில் வைத்துச் சோதித்தபோது, அந்த எதிர்ப்பு முறிந்தது. இளஞ்செடிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. மலேசியாவின் தாழ்நிலப் பகுதிகளில் பகலில் 32 டிகிரி என்பது சாதாரணம். இரவில் வெப்பம் தணிவதால் எதிர்ப்பு உடனே முறிந்துவிடும் என்று சொல்ல முடியாது. எனினும், காற்றோட்டமற்ற பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் வெப்பம் மேலும் கூடும்.

குளிரும் பகையாகலாம்

செடிகளுக்கு இன்னொரு தற்காப்பும் உண்டு. வைரசின் ஆர்.என்.ஏ. இழையை அவை சிறு துண்டுகளாக வெட்டி அழிக்கின்றன. 15 டிகிரி குளிரில் இந்த வேலை மந்தமாகிறது என்றும், வெப்பம் கூடும்போது வேகமடைகிறது என்றும் ஹங்கேரி ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஆகவே, வெப்பம் எல்லாச் செடிக்கும் எல்லா வைரசுக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. உருளைக்கிழங்கை ஏறத்தாழ 37 டிகிரியில் சில வாரங்கள் வைத்து, இலைச்சுருள் வைரசை நீக்கும் முறையும் உண்டு.

வீட்டுத் தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

• வெப்பமான இடத்தில் பயிரிட்டுப் பார்க்கப்பட்ட ரகமா என்று விதை விற்பவரிடம் கேட்டு வாங்கலாம்.

• நாற்றுகளுக்கு நிழல்வலையும் காற்றோட்டமும் தேவை.

• புள்ளி வாடல் வைரசை இலைப்பேன்கள் பரப்புகின்றன. தேமல் வைரசோ கை, கத்தரிக்கோல் மூலம் பரவுகிறது. சிகரெட் புகையிலையிலும் அது இருக்கக்கூடும் என்பதால், புகைப்பவர்கள் செடியைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவ வேண்டும்.

• நோயுற்ற செடிக்கு மருந்து தெளித்து வைரசைப் போக்க முடியாது. அதை உடனே பிடுங்கி அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும்.