ஆக்கியோன் பெயரும் வழியும்
மின்புல விளைவின் வரலாற்றில் உரிமையும் பொறுப்பும்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைப்போர் கூறவேண்டியன எட்டு என்பது தமிழிலக்கண மரபு. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டவை ஆக்கியோன் பெயரும், அந்நூல் எதன் வழிவந்தது என்பதுமாகும். எழுதியவன் யார், அவன் யாரிடமிருந்து பெற்றான் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே எல்லை, பொருள், பயன் என்பன பேசப்படும். இன்றைய விஞ்ஞான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிற் காணும் பெயர்களும் இறுதியிற் காணும் மேற்கோட் பட்டியலும் இவ்விரண்டுக்கும் நேரானவை. ஆயினும் பாயிர மரபு பெரும்பாலும் ஒரே ஆசிரியனைக் கருதி அமைந்தது. ஒரு கட்டுரைக்கு ஐவரும் பதின்மரும் ஆசிரியராகும் காலத்தில் அப்பெயர்கள் எதனைக் குறிக்கின்றன என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. இலத்திரனியற் பொருள்களின் வரலாற்றில், குறிப்பாக மின்புல விளைவு என்னும் ஒரு கருத்தினைச் சுற்றி, இவ்வினா எழுந்த வகை நோக்கத்தக்கது.

அக்கருத்து எளியது. ஒரு மெல்லிய குறைகடத்திப் படலத்தின் ஊடாக மின்னோட்டம் செல்கிறது. படலத்தைத் தொடாது அதன் அருகே வைக்கப்பட்ட ஓர் உலோகத் தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், அதனால் எழும் மின்புலம் படலத்திற் செல்லும் ஓட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். லைப்சிக் நகரிற் பேராசிரியராக விளங்கிப் பின்னர் அமெரிக்கா சென்ற யூலியஸ் எட்கார் லிலியன்பெல்ட் இதனை 1925இல் கனடாவிலும் 1926இல் அமெரிக்காவிலும் ஆக்கவுரிமைக்காகப் பதிந்தார். அமெரிக்க ஆக்கவுரிமை 1930இல் வழங்கப்பட்டது. அவர் அக்கருவியைச் செய்து இயக்கிக் காட்டினார் என்பதற்குச் சான்றில்லை. அக்காலத்துக் குறைகடத்திகளின் தூய்மை அதற்கு இடமளித்திராது. எனவே அக்கருத்து ஆக்கவுரிமை ஏடுகளில் உறங்கிக் கிடந்தது.

1945இல் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில்லில் அமைந்த பெல் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஷொக்லி அதே கருத்தைத் தாமாகவே எண்ணி முயன்று தோல்வி கண்டார். தோல்விக்குக் காரணம் கூறியவர் அவருடைய குழுவைச் சேர்ந்த ஜோன் பார்டீன். குறைகடத்தியின் மேற்பரப்பில் அகப்பட்டுக்கொள்ளும் இலத்திரன்கள் வெளிப் புலத்தை உள்ளே செல்லவிடாது தடுக்கின்றன என்பது அவர் விளக்கம். அத்தடையை வெல்லும் முயற்சியில் பார்டீனும் வோல்ற்றர் பிறற்றெயினும் 1947 டிசம்பர் 16ஆந் திகதி வேறொரு வாயிலைக் கண்டனர். ஆப்பு வடிவான பிளாஸ்ரிக் துண்டொன்றின் விளிம்பிற் பொன்தகட்டை ஒட்டி, அதனைச் சவர அலகினாற் கீறி இரு முனைகளாக்கி, ஜேர்மேனியத்தின் மீது அழுத்தியபோது குறிகை பெருக்கமடைந்தது. அதுவே முதலாவது திரான்சிற்றர்.

யார் பெயரிற் பதிவது என்னும் கேள்வி உடனே எழுந்தது. அடிப்படை எண்ணம் தம்முடையதாகலின் ஆக்கவுரிமை மின்புல விளைவின் மேல், தம் பெயரில் அமையவேண்டும் என ஷொக்லி கருதினார். ஆய்வுகூடத்துச் சட்டத்தரணிகள் பழைய ஏடுகளைத் தேடியபோது லிலியன்பெல்ட் குறுக்கே நின்றார். பெற்றிருந்த ஆக்கவுரிமை ஒன்றை மறைக்க இயலாது. ஆதலால் பொன்முனைத் திரான்சிற்றர் பார்டீன், பிறற்றெயின் ஆகிய இருவர் பெயரில் மட்டும் பதியப்பட்டது. 1948 யூலையில் 'பிசிக்கல் றிவியூ' சஞ்சிகையில் வெளியான அறிவிப்புக் கட்டுரையும் அவ்விருவர் பெயரையே தாங்கியது. மறுபுறம், விளம்பரத்துக்காக எடுக்கப்படும் புகைப்படங்களில் ஷொக்லியும் இடம்பெறவேண்டும் என்று நிருவாகம் கட்டளையிட்டது. உலகறிந்த அப்படத்தில் கருவியின் முன் அமர்ந்திருப்பவர் ஷொக்லி. அதனைச் செய்தவர் இருவரும் பின்னே நிற்கின்றனர். பிறற்றெயின் அப்படத்தை வெறுத்ததில் வியப்பில்லை. ஷொக்லியின் பங்கும் புனைவன்று. ஒதுக்கப்பட்ட சினத்தில் அவர் சில வாரங்களுள் வகுத்த சந்தித் திரான்சிற்றரே தொழிற்றுறையில் நிலைத்தது. 1956இல் நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1951இல், பார்டீன் அவ்விடத்தை விட்டு நீங்கியிருந்தார்.

லிலியன்பெல்டின் நிலை வேறு. சட்டத்தரணிகளின் கோப்புகளில் அவருக்கு இடமிருந்தது. விஞ்ஞானக் கட்டுரைகளின் மேற்கோட் பட்டியலில் இடமிருக்கவில்லை. ஒரே நிறுவனத்துள் சட்டத்தின் ஏடு 'வழி'யைக் கூறியது, அறிவியலின் ஏடு கூறாது விட்டது என்பது ஆழ்ந்து சிந்திக்கவேண்டியதொன்று. 1959ஆம் ஆண்டளவில் அதே பெல் ஆய்வுகூடத்தில் சிலிக்கன் ஒட்சைட்டுப் படலத்தின் உதவியால் மின்புலத் திரான்சிற்றர் மெய்யாக்கப்பட்டது. இன்றைய கணனிகளிற் கோடிக்கணக்கில் இயங்குவன அவ்வகையினவே. லிலியன்பெல்ட் 1963இல் இறந்தார்.

இக்காலத்திலேதான் மேற்கோள்களை எண்ணும் கலை தோன்றியது. அதன் பிறப்பிடமும் சட்டத்துறையே என்பது மேற்கூறியதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. ஒரு வழக்கின் தீர்ப்பினைப் பின்வந்த எத்தீர்ப்புகள் ஏற்றன, எவை மறுத்தன என்பதைக் காட்டும் சுட்டியொன்று 1873 முதல் அமெரிக்கச் சட்டத்தரணிகளிடையே வழங்கிவந்தது. அதனை மாதிரியாகக் கொண்டு யூஜீன் காபீல்ட் 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் விஞ்ஞானத்துக்கும் அத்தகைய சுட்டி வேண்டும் என எழுதினார். பிலடெல்பியாவில் அவர் நிறுவிய நிலையம் 1964இல் முதலாவது விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டது. போலியானதும் காலங்கடந்ததுமான தரவுகளை ஆய்வாளர் ஆராயாது எடுத்தாளாமற் காத்தல் அவர் 1955இல் எடுத்துக்கூறிய பயன்களுள் ஒன்று. நடைமுறையில் அச்சுட்டி நூலகத்தை விட்டு நிருவாகியின் மேசைக்குச் சென்றது, வழிகாட்டியாயிருந்தது அளவுகோலாயிற்று. அச்சிட்ட சுட்டியில் மேற்கோளாக எடுக்கப்பட்ட கட்டுரை முதலாசிரியர் பெயரின் கீழ் மாத்திரமே இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுக் கட்டுரை பார்டீன் பெயரில் நிற்கும். பிறற்றெயினைத் தேடுவோர் அதனைக் காணார். எழுதாது விடப்பட்ட மேற்கோளை எச்சுட்டியும் எண்ணாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அரை நூற்றாண்டின் பின் அதே மறே ஹில்லில் மின்புல விளைவு மீண்டும் அரங்கேறியது. கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜான் ஹென்ட்ரிக் ஷூன் என்னும் இளைஞர், சேதனப் பளிங்குகளின் மேல் அலுமினியம் ஒட்சைட்டுப் படலம் பூசி, வேறெவரும் எட்டாத வலிய மின்புலத்தை அவற்றிற் செலுத்தியதாகக் கட்டுரைகளை வெளியிட்டார். காபன் அறுபது மூலக்கூறுப் பளிங்கு 52 கெல்வினில் மீகடத்தியாகிறது என 2000ஆம் ஆண்டிலும், வேறு மூலக்கூறுகளை இடையே புகுத்தியபின் 117 கெல்வினில் அவ்வாறாகிறது என 2001இலும் கூறப்பட்டது. ஒற்றை மூலக்கூற்றளவான திரான்சிற்றரும் அறிவிக்கப்பட்டது. 2001இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை அவர் பெயரில் வெளிவந்தது. எண்ணிக்கையே தகுதியாகக் கொள்ளப்படுமிடத்து இதனை ஐயுறுவார் எவர்? பல நாட்டு ஆய்வுகூடங்கள் அம்முடிவுகளை மீளப் பெற முயன்று தோற்றன. குறை தம் கைத்திறனிலேயே என எண்ணினர். பட்டத்துக்காக உழைத்த மாணவர்கள் அதில் இழந்த ஆண்டுகள் எச்சுட்டியிலும் பதியப்படவில்லை.

2002ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் லிடியா சோன், போல் மக்யூவன் என்னும் பௌதிகவியலாளர் இருவர், வெவ்வேறு கட்டுரைகளில், வெவ்வேறு கருவிகளுக்குரியனவாகக் காட்டப்பட்ட வரைபுகளில் ஒரே இரைச்சற் கோடு மீண்டும் வருவதைக் கண்டனர். இரைச்சல் என்பது தற்செயலான நடுக்கம். ஒரு கருவியின் நடுக்கம் மற்றொன்றில் அச்சொட்டாக அமைதல் இயலாது. ஸ்ரான்போர்ட் பேராசிரியர் மல்கம் பீஸ்லி தலைமையிலான குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, 16இல் ஷூன் தவறிழைத்தார் எனச் செப்ரெம்பரில் அறிக்கையிட்டது. ஆய்வுக் குறிப்பேடுகள் இல்லை. மூலத் தரவுகள் கணனியில் இடமின்மையால் அழிக்கப்பட்டன என்பது அவர் கூற்று. அன்றே அவர் பதவி நீக்கப்பட்டார். 'சயன்ஸ்' எட்டுக் கட்டுரைகளையும் 'நேச்சர்' ஏழு கட்டுரைகளையும் மீளப்பெற்றன. 2004இல் பறிக்கப்பட்ட கலாநிதிப் பட்டம் பற்றிய வழக்கு ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்று 2014இல் அவருக்கு எதிராகவே முடிந்தது.

எனினும் அறிக்கையின் ஆழமான பகுதி ஷூனைப் பற்றியதன்று. அவரோடு பெயர் பகிர்ந்தவர்களைப் பற்றியது. இணையாசிரியர் அனைவரும் மோசடிக் குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டனர். ஆனால் குழுத் தலைவராகவும் மூத்த ஆசிரியராகவும் விளங்கிய பேர்ட்ரம் பற்லொக் போதிய ஐயத்தோடு அத்தரவுகளை நோக்கினாரா என்னும் வினாவை எழுப்பிய குழு, அதற்குத் தீர்ப்புக் கூறவில்லை. காரணம், இணையாசிரியரின் கடமை யாது என்பதற்கு அறிவியலாளரிடையே ஒப்பமுடிந்த விதி இருக்கவில்லை. ஐம்பதாண்டுகளாகப் பெயரின் பயனை எண்ணக் கற்றிருந்த ஒரு சமுதாயம் அப்பெயரின் கடனை எழுதிவைக்க மறந்திருந்தது என்பது கடுமையான கூற்றாயினும் பிழையன்று. அமெரிக்கப் பௌதிகவியற் கழகம் அவ்வாண்டு இறுதியிலேயே இணையாசிரியர் பொறுப்புப் பற்றிய விதிகளைத் திருத்தி எழுதியது. மூன்றாண்டுகளின் பின், மீகடத்திகளை ஆராயும் ஜோர்ஜ் ஹேர்ஷ் ஒருவரின் ஆய்வு வாழ்வு முழுவதையும் ஓர் எண்ணாற் சுட்டும் குறியீட்டை வகுத்தார். பொறுப்பை அளக்கும் குறியீடு எதுவும் அதனுடன் வகுக்கப்படவில்லை.

அதே ஹேர்ஷ் பின்னாளில் மற்றொரு மீகடத்திக் கோரிக்கையை வன்மையாக மறுத்தவர்களுள் ஒருவரானார். கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கற்று, அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழு நடத்திய ரங்க டயஸ், அறை வெப்பநிலையில் மீகடத்தியைக் கண்டதாக 2020இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஆசிரியர்கள் உடன்படாத நிலையிலும் இதழாசிரியர்கள் 2022இல் அதனை மீளப்பெற்றனர். 2023 மார்ச்சில் இரண்டாவது கட்டுரை வந்தது. தவறேதும் செய்யவில்லை என்பதே டயஸின் நிலைப்பாடு. இம்முறை முன்வந்தவர்கள் வெளியாரல்லர். கட்டுரையின் பதினொரு ஆசிரியர்களுள் எண்மர், தம் பெயர் தாங்கிய அக்கட்டுரை உண்மையைச் செவ்வனே காட்டவில்லை எனக் கூறி, அதனை மீளப்பெறுமாறு தாமே இதழுக்கு எழுதினர். அவ்வாண்டு நவம்பரில் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது.