சேரியும் அடைக்கோழியும்

நிலமில்லாதவன் மாடு வைப்பது கஷ்டம். மேய்ச்சலுக்குப் புறம்போக்கு வேண்டும், வைக்கோலுக்கு ஆண்டை வீட்டுக் களத்தில் கை கட்டி நிற்க வேண்டும். கோழிக்கு இது எதுவும் வேண்டாம். குப்பையைக் கிளறித் தின்னும். சேரிப் பெண்கள் தங்கள் சொத்து என்று சொல்லிக்கொண்டது பெரும்பாலும் கோழியைத்தான். கூலி பற்றியும் காணி பற்றியும் எழுதிய நாம் இதை எழுதவில்லை.

நான் தென்னார்க்காட்டுக்காரன். எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா கோழி அடைக்கு வரப்போவுதுன்னு முன்கூட்டியே தெரியும். பத்துப் பதினஞ்சு முட்டை விட்டதும் கோழி கூடையை விட்டு இறங்காது. கிட்டப் போனா இறக்கையை உப்பிக்கிட்டுக் கொத்த வரும். தீனிக்கு இறங்கினாலும் முணகிக்கிட்டே ரெண்டு வாய் தின்னுட்டு ஓடிடும். அடிவயித்துல எறகு உதிர்ந்து தோல் கொதிக்கும். ஆயா அங்க கை வெச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லும்.

குஞ்சு வேணும்னா, கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு ஒத்தைப்படையா 9 இல்லே 11 முட்டை வைக்கும். கூடவே இரும்புத் துண்டு, காஞ்ச மொளகா, கரித்துண்டு. இடிக்கு முட்டை கெடக்கூடாதாம். (பகுத்தறிவுத் தோழர்கள் சிரிக்கட்டும்.) ஏழெட்டு நாள் கழிச்சு இருட்டுல விளக்குக்கு நேரா முட்டையைப் பிடிச்சுப் பாத்துக் கூமுட்டையைக் கழிக்கும். 21ஆம் நாள் பொரியும்.

குஞ்சு வேண்டாம்னா அடை தெளிய வைக்கணும். அடை கிடந்து, குஞ்சு மேய்த்துப் பிரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரை முட்டையில்லை, முட்டையில்லேன்னா உப்பு புளிக்குக் காசில்லை. வயிறு நனையத் தண்ணியில் முக்கி எடுத்து, வெறுந்தரையில் கொடாப்புக்குள்ள மூணு நாலு நாள் கவுத்துப் போடும். சிலர் மூக்கில் எறகு செருகுவார்கள், ஆயா அதைச் செய்யாது. "சூடு எறங்கினா புத்தி திரும்பிடும்" என்கும். அடைக்கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுகிறது, முட்டையின் தொடுதலும் கூடும் அதைத் தக்கவைக்கின்றன என்கிறது இன்றைய விலங்கியல். ஆயா கூட்டைப் பிரித்து வயிற்றைக் குளிரவைத்தது அதைத்தான் குலைத்தது.

இது தொழில். இன்னொன்று இருக்கிறது. 1950களில், பண்டிகை வந்தால், விருந்தாள் வந்தால், ஆண்டை வீட்டு ஆள் சேரிக்குக் கோழி பிடிக்க வருவான். காசு கிடையாது. "அடையில கெடக்குதுங்க சாமி" என்பதுதான் ஆயாவிடமிருந்த ஒரே பதில். அடைக்கோழி இளைத்திருக்கும், கறிக்கு ஆகாது என்று ஊரிலும் நம்பினார்கள். வந்தவன் கூடைக்குள் கையை விடுவான். கொத்தினால் போய்விடுவான். அதனாலேயே ஐப்பசி, தை மாசங்களில் ஆயா அடை தெளிய வைக்காது. ரெண்டு கூமுட்டையைக் கீழே போட்டுக் கோழியை உட்கார விடும். பட்டினி கிடந்து கோழி மெலியும், முட்டைக் காசும் போகும். ஆனாலும் கோழி மிஞ்சும்.

ஒரு வருசம் அதுவும் பலிக்கவில்லை. 11 முட்டையோடு உட்கார்ந்திருந்த கோழியை இறக்கையைப் பிடித்துத் தூக்கிப் போனான். சூடு ஆறுவதற்குள் தெருப் பெண்கள் முட்டைகளை வாங்கிப்போய் அவரவர் அடைக்கோழிக்குக் கீழே பிரித்து வைத்தார்கள். 7 பொரிந்தன. எது ஆயா வீட்டுக் குஞ்சு என்று தெரிய ஒரு நகத்தை நறுக்கி விட்டார்கள்.

அரசாங்கத்தின் கோழிக் கணக்கில் அடை ஒரு குறை. வெள்ளை லெகார்னுக்கு அடை உணர்வு அநேகமாக இல்லை. அடை கிடக்காத இனங்களைப் பற்றி 1868லேயே டார்வின் எழுதியிருக்கிறார். வருசத்துக்கு 300 முட்டை வேண்டும் என்பவனுக்கு, 60 முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழி சோம்பேறி. நாமக்கல் பண்ணைகள் அந்தக் கணக்கில் எழுந்தவை. தப்பென்று சொல்லவில்லை, நாமும் அந்த முட்டையைத்தான் தின்கிறோம். ஆனால் 'சோம்பேறி' என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்!

இப்போது நாட்டுக்கோழிக்கு மவுசு. ஊர்த்தெருவில் ஒருவர் இன்குபேட்டர் வைத்திருக்கிறார். அதற்குக் கரு முட்டை வாங்கச் சேரிக்குத்தான் வருகிறார். என் சித்தி முட்டை 15 ரூபாய் என்கிறது. குறைப்பதில்லை.