தாமரைச் சக்கரம்
(பாலித் தீவில் அயலவரும் இருசக்கர ஊர்தியும்)

பாலித் தீவின் வடகரையில், சிங்கராஜா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழப் 12 கி.மீ. தொலைவில், குபுதம்பஹான் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கோயிலுக்கு மெடுவே கராங் என்று பெயர். ‘நிலத்தை உடையவர்’ என்பது அப்பெயரின் பொருள். வானம் பார்த்த நிலத்தின் விளைவைக் காக்கும் தெய்வத்துக்கு 1890ஆம் ஆண்டளவில் ஊரார் எடுத்த கோயில் அது. இராமாயணக் காட்சிகளும் அரக்கர் உருவங்களும் நிறைந்த அதன் கற்சுவரில், ஒரு வெள்ளையர் மிதிவண்டியில் செல்லும் புடைப்புச் சிற்பம் ஒன்று இடம்பெற்றுள்ளது. அவர் உடையெங்கும் பூவேலை. வண்டியின் பின்சக்கரமோ ஆரங்களும் வட்டும் கொண்ட சக்கரமாக இல்லாமல் இதழ் விரித்த மலராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1917இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கோயில் சிதைந்து பின்னர்ச் செப்பனிடப்பட்டது. அப்போதுதான் சக்கரம் மலராயிற்று என்று கூறுவர். காரணம் எதுவாயினும், அயலான் கொணர்ந்த இரும்பைத் தன் கோயிற் கலைக்குள் இழுத்துக்கொண்ட ஒரு சிற்பியின் மனத்தை அங்கே காணலாம். பாலியில் அயலவரும் இருசக்கர ஊர்தியும் என்னும் வரலாற்றின் முதல் ஆவணம் அச்சிற்பமே எனலாம்.

சிற்பத்தில் உள்ளவர் டச்சு ஓவியர் நியூவென்காம்ப் (1874–1950) என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1904இல் முதன்முறை பாலிக்கு வந்த அவர் மிதிவண்டியில் தீவின் பல பகுதிகளைச் சுற்றினார், கண்டவற்றை வரைந்தார். அந்நாளில் வடபாலி டச்சு ஆட்சியின் நேரடிப் பிடியில் இருந்தது. தென்பகுதியில் சிற்றரசர்கள் ஆண்டனர். ஈராண்டு கழித்து, 1906 செப்டம்பரில், டச்சுப் படை தென்கரையில் இறங்கியது. படுங் அரசரும் அவர் சுற்றமும் வெள்ளாடை உடுத்துக் குறுவாளேந்திப் பீரங்கியின் எதிரே நடந்துவந்து மாண்டனர். ‘புபுத்தான்’ என்று பாலி மக்கள் கூறும் அந்த இறுதிப் போரின் அழிவை நியூவென்காம்ப் நேரில் கண்டார். 1908இல் கிளுங்குங் அரசும் அவ்வாறே வீழ்ந்தது. படம் வரைய மிதிவண்டியில் வந்தவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். எனினும் அவர் வந்த திசையிலிருந்துதான் பீரங்கியும் வந்தது என்பதை அச்சிற்பத்தைப் போற்றுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

தீவு முழுதும் கைப்பட்டதும் ஆட்சியாளர் முதலில் கருதியது சாலை. மலையும் ஆழ்ந்த ஆற்றுப் பள்ளங்களும் வடக்கு தெற்காகக் கிடக்கும் நிலம் பாலி. கிழக்கு மேற்காகச் செல்ல வேண்டுமாயின் பள்ளந்தோறும் பாலம் வேண்டும். அப்பாலங்களும் சாலைகளும் கூலியில்லாக் கட்டாய உழைப்பால் அமைந்தன. நம் நாட்டு வரலாறு கற்றோர் இதனை வெட்டிவேலை என்று உடனே அறிவர். பிராமண, சத்திரிய, வைசிய குலத்தார் மூவருக்கும் இவ்வுழைப்பிலிருந்து விலக்களித்தது டச்சு அரசு. அதன் விளைவு நினைக்கத்தக்கது: தாமும் மேற்குலத்தாரே என்று நிறுவ எண்ணற்றோர் நீதிமன்றம் ஏறினர். அதுவரை நெகிழ்வாக இருந்த குலவரிசை கல்லாய் இறுகியதற்குச் சாலை ஒரு காரணமாயிற்று. இன்று அத்தீவில் வண்டியோட்டும் வெளிநாட்டார் வியக்கும் வளைவுகள் சிலவற்றின் கீழ் அந்த உழைப்பு புதைந்து கிடக்கிறது.

மொழி நோக்கில் இங்கு ஒரு சொல் கூறுதல் பொருந்தும். இந்தோனேசிய மொழியில் மிதிவண்டிக்குப் பெயர் ‘செபெடா’. பிரெஞ்சுச் சொல்லான ‘வெலோசிபேட்’ டச்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம் அது. மோட்டார் சைக்கிள் ‘செபெடா மோட்டோர்’ ஆயிற்று. தடைக்கருவியைக் குறிக்கும் ‘ரெம்’, டயரைக் குறிக்கும் ‘பான்’, தலைக்கவசத்தைக் குறிக்கும் ‘ஹெல்ம்’, புகைக்குழாயைக் குறிக்கும் ‘க்னால்போட்’ யாவும் டச்சு. பழுது பார்க்கும் பட்டறையாகிய ‘பெங்கெல்’ என்பதும் கடை என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லின் திரிபே. இவற்றிடையே நம் ‘கப்பல்’ அம்மொழியில் ‘காபால்’ ஆகவும், ‘கடை’ ‘கெடாய்’ ஆகவும் வழங்குவது தமிழர் நெஞ்சுக்கு இனிது. தமிழ்ச் சொல் கடல்வழி வணிகத்தோடு சென்றது. டச்சுச் சொல் சாலைவழி ஆட்சியோடு சென்றது. ஆட்சி 1949இல் நீங்கியது. புகைக்குழாயின் பெயர் மட்டும் நீங்கவில்லை.

1920களில் டச்சுக் கப்பல் நிறுவனம் பயணிகளைக் கொணரத் தொடங்கியது. 1928இல் டென்பசாரில் பாலி ஹோட்டல் எழுந்தது. 1927இல் வந்த செருமானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ், 1930களில் வந்த இசையறிஞர் காலின் மக்பீ, மெக்சிகோ ஓவியர் கோவரூபியாஸ் ஆகியோர் தீவிலேயே தங்கி வாழ்ந்தனர். இக்காலத்து அயலவரின் ஊர்தி பெரும்பாலும் கார். அதே 1927இல் இரவீந்திரநாத தாகூரும் வந்தார். மொழி அறியாத நிலையில் பாலி அரசர் ஒருவரோடு காரில் சென்றபோது வழியில் கடல் தெரிந்தது. அரசர் ‘சமுத்ர’ என்றார். தொடர்ந்து கடலுக்குரிய வடசொற்கள் பலவற்றை அடுக்கினார். உரையாட மொழியில்லாத இருவருக்கிடையே நிகண்டு பாலமானது. காரின் பின்னிருக்கையில் நிகழ்ந்த இச்சிறு நிகழ்ச்சி கவிஞர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

போர், சப்பானியர் ஆட்சி, விடுதலைப் போராட்டம், 1963இல் ஆகுங் எரிமலையின் சீற்றம், 1965–66இன் கொடிய படுகொலைகள் என்று அடுத்த கால் நூற்றாண்டு கழிந்தது. 1969இல் நுரா ராய் விமான நிலையம் பன்னாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட பிறகே அயலவர் மீண்டும் பெருந்தொகையாக வந்தனர். அவர்கள் முன்னவரைப் போன்றவர் அல்லர். கையில் பணம் குறைவு, நாள் மிகுதி. கூட்டா கடற்கரையில் குடிசை எடுத்துத் தங்கினர். அலைச்சறுக்குப் பலகையோடு உலுவாட்டு பாறைமுனையைத் தேடிச் சென்றனர். அந்நாளில் அங்கே நல்ல சாலை இல்லை. ஆகவே மோட்டார் சைக்கிள்.

அதே சமயத்தில்தான் சப்பானிய நிறுவனங்கள் இந்தோனேசியாவில் வண்டி கோக்கும் ஆலைகளைத் தொடங்கின. ஹோண்டா 1971இல் அங்கே காலூன்றியது. யமஹா முதலியன தொடர்ந்தன. எந்த நிறுவனத்தின் வண்டியாயினும் மக்கள் அதனை ‘ஹோண்டா’ என்றே அழைக்கும் அளவுக்கு அப்பெயர் பொதுப்பெயரானது. தவணையில் வண்டி வாங்கிய பாலி இளைஞன் அதனை நாள்வாடகைக்கு வெள்ளையனிடம் விட்டான். வாடகை தவணையை அடைத்தது. வெளிநாட்டார் பலர் தம் சுதந்திரத்தின் கதையாக எழுதியது, பாலிக் குடும்பத்தின் கணக்கேட்டில் கடன் தீர்ந்த கதையாக இருந்தது. இரண்டும் உண்மை. முன்னது நூல்களில் நிறைய உண்டு. பின்னதை எழுதியவர் மிகச் சிலர்.

பயணிகள் டென்பசாரில் காவல்துறையிடம் தற்காலிக உரிமம் பெறும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. தேர்வின் உயிர்நிலை 8 என்னும் எண்ணின் வடிவில் காலூன்றாமல் வண்டியைச் சுற்றிக் காட்டுவது. நம்மூரில் எட்டுப் போட்டு உரிமம் பெற்றவருக்கு இது விளக்க வேண்டாத செய்தி. அந்த எட்டு நெடுங்காலம் நின்று, 2023 ஆகஸ்டில்தான் இந்தோனேசியத் தேர்விலிருந்து நீக்கப்பட்டது.

சில நாள் தங்குவோர்க்கு வாடகை போதும். ஆண்டுக்கணக்கில் தங்குவோர்க்கு உடைமை என்னும் வினா எழுகிறது. அங்கே வண்டிக்கு இரண்டு ஆவணங்கள்: உடைமையைக் காட்டும் பெ.பெ.கா.பெ. என்னும் ஏடு ஒன்று. எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டிய எஸ்.டி.என்.கா. என்னும் பதிவுச் சான்று மற்றொன்று. வரி ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றும் எண்பலகையும் புதிதாக வேண்டும். பாலியின் எண்பலகை ‘டி.கே.’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும். பலகையின் காலம் முடியும் மாதமும் ஆண்டும் அதன் அடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பயண விசாவில் வந்தவர் தம் பெயரில் வண்டியைப் பதிய இயலாது. தங்கும் உரிமம் பெற்றவரே பதியலாம். எனவே பலர் உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கினர். பணம் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. பழைய வண்டியை வாங்கினாலோ, பெயர் மாற்றாத வரை, வரி கட்டுவதற்குப் பதிவிலுள்ள முதல் உடைமையாளரின் அடையாள அட்டையை நாடிச் செல்ல வேண்டும். அந்த மனிதர் ஊர் மாறியிருக்கலாம், மனம் மாறியிருக்கலாம்.

இது வெறும் அலுவலகச் சிக்கல் அன்று. அயல்நாட்டில் நெடுநாள் வாழ்பவன் எதையும் தனதென்று சொல்ல ஒரு உள்ளூர்ப் பெயரைக் கடன் பெற வேண்டியிருக்கிறது. அக்கடனுக்கு ஈடு நட்பு ஒன்றே. நட்பு நிற்கும் வரை வண்டி அவனுடையது. பாலியில் நிலமும் வீடும் இவ்வாறே பிறர் பெயரில் வாங்கப்பட்டு வழக்குகளில் முடிந்ததுண்டு. வண்டி அதன் சிறிய, பொறுத்துக்கொள்ளத்தக்க வடிவம். மலாய் நாட்டுத் தோட்டங்களிலும் இலங்கை மலையகத்திலும் தலைமுறைகளாய் உழைத்தும், தம் பெயரில் ஒரு சாணிடம் இல்லாதிருந்த தமிழர் வரலாற்றோடு இதனை ஒப்பிடுதல் ஆகாது. அங்கே ஏழைமை, இங்கே விருப்பம். எனினும் ‘பெயர்’ என்பது உரிமையின் முதற்படி என்னும் செய்தியை இரண்டிடத்தும் காணலாம்.

2003இல் யமஹா மியோ போன்ற, கியர் மாற்ற வேண்டாத வண்டிகள் வந்ததும் எல்லாம் மாறியது. கிளட்ச் இல்லை, கற்கத் தேவையில்லை என்னும் மயக்கம் பிறந்தது. வாழ்நாளில் இருசக்கர வண்டியைத் தொட்டிராதவரும் விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே சாலையேறினர். வலக்காலின் ஆடுசதையைச் சூடான புகைக்குழாயில் வைத்துச் சுட்டுக்கொள்வது மிகப் பொதுவாகி, அத்தழும்புக்குப் ‘பாலியின் முத்தம்’ என்று விளையாட்டுப் பெயரும் அமைந்தது. விளையாட்டல்லாதவையும் நேர்ந்தன. இருசக்கர வண்டிக்குரிய உரிமம் இல்லாமல் விபத்துக்குள்ளானவருக்குப் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை. மருத்துவச் செலவுக்கு உறவினர் ஊரெங்கும் கையேந்திய நிகழ்ச்சிகள் பல. தலைக்கவசத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீறுவோர்க்கு ஒரு மாதச் சிறை அல்லது 2,50,000 ரூபியா தண்டம் எனவும், உரிமமின்றி ஓட்டுவோர்க்கு நான்கு மாதச் சிறை அல்லது 10 லட்சம் ரூபியா தண்டம் எனவும் வரம்பிட்டது. சட்டைகூட இல்லாமல் ஓட்டியவரை எந்தச் சட்டமும் எண்ணிப் பார்த்திராது.

2023 மார்ச்சில் அன்றைய ஆளுநர் வாயான் கொஸ்தர், பயணிகள் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுப்பதையே தடுக்கப்போவதாக அறிவித்தார். வெளிநாட்டார் சிலர் எண்பலகையில் தம் பெயரையே எழுதி ஓட்டிய செய்தி அப்போது ஊரெங்கும் பரவியிருந்தது. பெயரைக் கடன் வாங்கியவரின் காலம் போய், பெயரைத் தாமே பொறித்துக்கொள்பவரின் காலம் வந்துவிட்டது என்று பாலி மக்கள் உணர்ந்த சினம் அவ்வறிவிப்பில் ஒலித்தது. வாடகை வண்டியால் வாழும் குடும்பங்கள் முணுமுணுத்தன. முழுத் தடை நடைமுறைக்கு வரவில்லை. உரிமம், தலைக்கவசம், ஒழுங்கான உடை ஆகியவற்றை வலியுறுத்தும் சுற்றறிக்கை மே இறுதியில் வெளிவந்தது. தடுத்திருந்தாலும் குற்றம் முழுதும் அயலாருடையது என்று முடித்திருக்க இயலாது. உரிமத்தைக் கேளாமலே சாவியை நீட்டிய கை உள்ளூர்க் கை.

இவ்வளவுக்கும் நடுவே, அன்று கோயிற் சுவரில் சக்கரத்தை மலராக்கிய மனம் வேறோரிடத்தில் வாழ்கிறது. பாலியின் 210 நாள் கொண்ட ஆண்டில் ‘தும்பெக் லண்டெப்’ என்றொரு திருநாள் வரும். லண்டெப் என்றால் கூர்மை. நாள் சனிக்கிழமை, அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘சனிஸ்சர’. வழிபடு தெய்வம் பசுபதி. குறுவாளும் ஈட்டியும் வைத்து வழிபட்ட அந்நாளில் இன்று காரும் மோட்டார் சைக்கிளும் கழுவித் துடைக்கப்பட்டு, ஓலைப்பின்னல் சூடி, பூவும் அரிசியும் நறும்புகையும் பெறுகின்றன. இதற்குச் சரியாகப் 14 நாள் முன்னர் வருவது சரஸ்வதி திருநாள். அன்று ஓலைச்சுவடிகளுக்குப் பூசை. நாம் ஒரே நாளில் ஏட்டையும் படைக்கலத்தையும் வைத்து வணங்குகிறோம். அவர்கள் இரண்டு வாரம் இடைவெளி விடுகின்றனர்.

அன்று காலை வாடகை வண்டியை எடுக்க வெளியே வரும் அயலவன் கைப்பிடியில் பச்சோலை தொங்குவதையும் இருக்கையில் பூத்தட்டு இருப்பதையும் காண்கிறான். வீட்டுக்கார அம்மையார் மந்திர நீரைத் தெளித்து முடிக்கும் வரை அவன் நின்றாக வேண்டும். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. முற்றத்தில் நிற்கும் வண்டிகள் அனைத்துக்கும் தெளிக்கிறார்.