ஏழு அண்ணன்மாரும் ஒரு தங்கையும்

நம் குலத்தில் இக்கதையைக் கேளாது வளர்ந்தவர் சிலரே. தலமலையில் ஏழு சகோதரர் தங்கையுடன் வாழ்ந்தனர். முகம்மதிய அரசனொருவன் அவளைக் கவர எண்ணினான். மானமே பெரிதெனக் கொண்ட அண்ணன்மார் அவளுடன் நீலமலை ஏறினர். சில காலம் ஒருங்கிருந்து, பின்னர்ப் பிரிந்து பல ஊர்களில் குடியேறினர் என்பது அது.

இத்தலாரில் மார்கழிக் குளிரில், அடுப்பின் அருகே எங்கள் ஹெத்தே இதனைச் சொல்லும்போதெல்லாம் நான் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. அவ்வரசன் பெயர் யாது? அத்தங்கையின் பெயர் யாது? முதலாவதற்குத் ‘திப்பு’ என்று தயக்கமின்றி விடை வரும். இரண்டாவதற்குப் ‘பேசாமல் படு’ என்பதே விடை.

சிறுபிள்ளைக் கேள்விகளாயினும் இவை சிந்தித்தற்குரியன. திப்பு சுல்தான் அரசேற்றது 1782-ஆம் ஆண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மடிந்தது 1799-ஆம் ஆண்டு. ஆனால் 1603-ஆம் ஆண்டிலேயே யேசு சபையைச் சேர்ந்த பெனிசியோ பாதிரியார் மலையாள நாட்டிலிருந்து இம்மலைக்கு ஏறி வந்து, தோதரையும் படகரையும் கண்டு எழுதி வைத்தார். அவ்வறிக்கையின் மொழிபெயர்ப்பை ரிவர்ஸ் என்பார் தோதரைப் பற்றி 1906-இல் வெளியிட்ட நூலிற் காணலாம். எனவே, திப்பு பட்டமேறுவதற்கு 179 ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் இங்கு ஊர் அமைத்து வாழ்ந்தனர் என்பது தெளிவு.

அங்ஙனமாயின் கதை முழுப் பொய்யோ? அன்று. ‘படகர்’ என்னும் சொல்லே வடக்கிலிருந்து வந்தோரைக் குறிப்பது. நம் பேச்சும் கன்னடத்திற்கு நெருங்கிய உறவுடையது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் நேர்ந்த குழப்பத்தில் நம் முன்னோர் இடம்பெயர்ந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். குடிகள் யாவும் ஒரே நாளில் மலையேறின என்று கொள்ள வேண்டுவதுமில்லை. சில குடும்பங்கள் பிற்காலத்தும் வந்திருக்கலாம்.

நிற்க, இத்தகைய கதை நமக்கு மட்டும் உரியதன்று. கம்பளத்து நாயக்கரும் முகம்மதிய அரசனுக்குப் பெண் கொடுக்க மறுத்துத் தெற்கே வந்ததாகவும், குறுக்கிட்ட ஆற்றைக் கடக்கப் புங்கமரங்கள் வளைந்து பாலமானதாகவும் கூறுவர். நகரத்தார் ஐதீகத்திலோ, பெண்கள் பொருட்டுத் தீங்கிழைத்த அரசன் ஒரு சோழன். ஆதலின் கொடியவன் இன்ன மதத்தினன் என்பது இக்கதைகளின் உயிரன்று. அதிகாரமுடையோன் அநீதி செய்தான். எளியவர் ஊரை விட்டனர், மானத்தை விடவில்லை. இதுவே அவற்றின் உயிர். கேட்போர்க்கு நன்கு தெரிந்த அரசன் எவனோ, அவன் பெயர் காலப்போக்கில் அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதனை இப்பொழுது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அடுப்பங்கரையில் சொல்லிய கதை இன்று கைபேசி வழியே பரவுகிறது; பரவும்போது சரித்திரம் என்ற பெயரையும் பூண்டு, அயலாரைப் பகைப்பதற்கு ஆதாரமாகவும் காட்டப்படுகிறது. பாட்டி நம்மைத் தூங்கவைக்கச் சொன்னதை, பிறரோடு சண்டையிடுவதற்குச் சான்றாக்குதல் அவளுக்குச் செய்யும் மரியாதையாகாது.

இரண்டாவது கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. எவள் பொருட்டு ஏழு அண்ணன்மாரும் வீடும் நிலமும் துறந்தனரோ, அவள் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாம் தெய்வமாகப் போற்றும் ஹெத்தையம்மனையும் ‘பாட்டி’ என்னும் பொருளுடைய சொல்லாலேயே அழைக்கிறோம். கதையில் இல்லாத அரசனுக்குப் பெயர் சூட்டினோம். கதைக்கே காரணமான பெண்ணின் பெயரை மறந்தோம்!

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தத்தம் இல்லத்து முதியோர் இக்கதையைச் சொல்லும் முறையை, சொன்னவர் ஊரும் எழுதிய நாளும் குறித்து, ஒரு சொல்லும் கூட்டாது குறைக்காது எழுதி வையுங்கள். முதியோர் மறைந்தபின் கேட்பதற்கு ஆளில்லை. எந்த ஹட்டியிலேனும் ஒரு கிழவி அத்தங்கையின் பெயரை இன்னும் நினைவில் வைத்திருத்தல் கூடும்.