நொதியின் வேகமும் மருந்தின் இடைவெளியும்: சென்னை ஐசோனியாசிட் ஆய்வுகளை முன்வைத்து

ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே அளவு ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்தைக் கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தால், ஒருவரிடம் மருந்து ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். மற்றவரிடம் கணிசமாக மிஞ்சியிருக்கும். கல்லீரலில் உள்ள நேட்-2 என்னும் நொதி இம்மருந்தின்மேல் அசெட்டைல் தொகுதியை ஏற்றிச் செயலிழக்கச் செய்கிறது. அதன் வேகம் பெற்றோரிடமிருந்து வருவது. மெதுவான வகை ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்பதை எவான்ஸ், மான்லி, மக்கூசிக் மூவரும் 1960இல் குடும்பங்களை ஆராய்ந்து காட்டினர்.

மரபணுவைப் படித்துவிட்டால் மருந்தின் விளைவை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. சென்னையில் நடந்த காசநோய் ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்று நிறுவியதற்காகப் புகழ்பெற்றது. அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோன வேலை ஒன்று உண்டு. தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவாக அசெட்டைல் ஏற்றுவோர் என்று அங்கே கண்டறிந்தனர். ஜப்பானியரிடம் இது 10 விழுக்காடு அளவே. மருந்தை விரைவில் இழப்பவர்களுக்குக் குணமாவது குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் துணைமருந்தோடு நாள்தோறும் உட்கொண்டபோது இரு வகையினருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினோடு வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோதோ, விரைந்து ஏற்றுவோர் தெளிவாகப் பின்தங்கினர்.

நோயாளியின் மரபணு மாறவில்லை, மாறியது இடைவெளி. மருந்து பட்ட கிருமி சிலநாள் பெருகாமல் முடங்கிக் கிடக்கும். அது தலைதூக்குமுன் அடுத்த வேளை மருந்து வந்துவிட்டால் நொதியின் வேகம் பொருட்டாவதில்லை. ஏழு நாள் காத்திருக்கும்போதுதான், முதல்நாள் மருந்து எவ்வளவு நேரம் உடலில் தங்கியது என்பது முடிவைத் தீர்மானிக்கிறது.

நச்சுவிளைவிலும் இதே கதைதான். கைகால் மரத்து எரியும் நரம்புப் பாதிப்பு மெதுவாக ஏற்றுவோரிடமே மிகுதி. அதுவும் அளவு கூடும்போது. அதைத் தடுக்க மரபணுச் சோதனை தேவைப்படவில்லை. பைரிடாக்சின் மாத்திரை போதுமானதாக இருந்தது. (விலைமலிந்த விடைகளை ஆய்விதழ்கள் அதிகம் கொண்டாடுவதில்லை.)

மரபணு தனித்தே முடிவு செய்யும் நேர்வுகள் இல்லையா என்று கேட்கலாம். ஆரிய வைசியரிடையே மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படும் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் குறைபாடு அப்படித்தான் தோன்றும். அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஸ்கோலின் சில நிமிடங்களில் சிதைந்துவிட வேண்டும். இந்நொதி இல்லாதவரிடம் மூச்சுத்தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும், வென்டிலேட்டர்தான் காப்பாற்ற வேண்டும். ஆயினும் அவருக்கு ரோகுரோனியம் போன்ற வேறொரு மருந்தைக் கொடுத்திருந்தால் குறைபாடு இருப்பதே தெரியாமல் போயிருக்கும். சாதிப்பெயரைக் கேட்டு எச்சரிக்கையாவது பயனுள்ளதே. ஆனால் அப்பெயர் நொதியை அளந்து சொல்வதில்லை. அந்தச் சமூகத்தினர் பெரும்பாலாரிடம் நொதி ஒழுங்காகவே இயங்குகிறது.

மரபணுச் சோதனை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 2013இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், நேட்-2 வகையைப் பார்த்து மெதுவானவர்க்கு ஐசோனியாசிட்டைக் குறைத்தும் விரைவானவர்க்குக் கூட்டியும் கொடுத்தனர். முன்னவரிடம் கல்லீரல் பாதிப்பும் பின்னவரிடம் தொடக்கநிலைச் சிகிச்சைத் தோல்வியும் குறைந்தன. பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும் திசை சரியானது. அங்கேயும் மரபணுத் தகவலால் பயன் கிடைத்தது மருந்தின் அளவை மாற்றியபோதுதான்.

இப்போது வாரம் ஒருமுறை ஐசோனியாசிட் திரும்பி வந்திருக்கிறது. ரிஃபாபென்டினோடு சேர்த்து 12 வாரம் கொடுக்கும் தடுப்புச் சிகிச்சை இந்தியாவிலும் பரிந்துரையில் உள்ளது. நோய் கண்டவர்களுக்கு இதே இணையை வாரம் ஒருமுறை கொடுத்துப் பார்த்த, 2003இல் வெளியான ஆய்வொன்று, இரத்தத்தில் ஐசோனியாசிட் குறைந்திருந்தவர்களிடமே சிகிச்சை தோற்றதையும் நோய் மீண்டதையும் மிகுதியாகக் கண்டது. தடுப்புச் சிகிச்சைக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்தில் நால்வர் விரைந்து ஏற்றும் நாட்டுப்பகுதியில் வாராந்திர முறையை ஆராய்வோர், ஒவ்வொருவரின் அசெட்டைல் ஏற்றும் வேகத்தையும் முதல் நாளிலேயே பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.